7டி மார்க் 2-வை வித்துட்டு ஆர்7 வாங்கலாமா? பறவை போட்டோகிராபர்களுக்கு ஒரு சி.ஏ. போடும் கணக்கு



பறவை சீசன் நெருங்கினாலே நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகளில் இதுவும் ஒன்று: "சார், கையில் கேனன் 7டி மார்க் 2 இருக்கு. ஆர்7-க்கு மாறலாமா? இ.எம்.ஐ. போடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்யாண ஆர்டர் எடுத்துக்கிட்டு, ஓய்வு நாளில் பறவை தேடிப் போகிற தம்பிகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். நல்ல நீள லென்ஸ் கையில் இருந்து, வருஷத்துக்கு 20 நாளாவது களத்துக்குப் போய், பணமும் சேமிப்பில் இருந்தால் மாறலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

கேமராவில் என்ன மாறுது?

7டி மார்க் 2 வந்தது 2014-ல். 20.2 மெகாபிக்சல், நொடிக்கு 10 படம். ஆர்7 வந்தது 2022-ல். 32.5 மெகாபிக்சல், மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம். பறவையின் கண்ணைத் தானாகக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும். பறந்து போகிற ஆலாவைப் பிடிக்க முயற்சி செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உண்மையான முன்னேற்றம் இங்கேதான்.

மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். பிக்சல் எண்ணிக்கை 60% கூடினாலும், நீளவாக்கில் கூடுவது சுமார் 27% மட்டுமே. அதாவது 50 மீட்டரில் நிற்கிற கொக்கு, 40 மீட்டரில் நிற்கிற மாதிரி தெரியும். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். நொடிக்கு 30 படம்னு விளம்பரத்தில் பார்ப்பது எலக்ட்ரானிக் ஷட்டரில். வேகமாகச் சிறகடிக்கிற பறவையை அதில் எடுத்தால் சிறகு வளைந்து, கோணலாகப் பதிவாக வாய்ப்பு உண்டு. பறக்கும் பறவைக்கு 15 படம் என்றே கணக்கு வச்சுக்குங்க.

நம்ம ஊர் களம் என்ன கேட்குது?

மரக்காணம், வானூர் பக்கம் இருக்கிற கழுவெளியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வலசை வரும் பறவைகளை நம்ம மாவட்டத்திலேயே பார்க்கலாம் என்பது பெரிய வரம்.

ஆனால் அது பரந்து கிடக்கிற சேற்று வெளி. பறவை தூரத்தில் இருக்கும். கிட்டே போனால் பறந்துடும். அப்படி விரட்டிப் போகவும் கூடாது. வெயில் ஏறிவிட்டால் கானல் அலையடிக்க ஆரம்பிக்கும். கானலுக்கு நடுவில் எடுத்த படத்தை எந்த விலை கேமராவாலும் கூர்மையாக்க முடியாது. அதற்கு மருந்து, விடியற்காலையில் போய் நிற்பது. அதுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது!

அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்க. போன சீசனில் சரியில்லை என்று ஒதுக்கிய 300 படங்களை எடுத்து நாலு கட்டமாகப் பிரிங்க: பறவை ரொம்பச் சின்னதாக இருந்தது, ஃபோகஸ் தவறியது, கானல் அல்லது மோசமான வெளிச்சம், கை ஆடியது. இரண்டாவது கட்டம் பாதிக்கு மேல் இருந்தால் ஆர்7 உங்களுக்கு உதவும். முதல் கட்டம் பெரிதாக இருந்தால் உங்க தேவை லென்ஸ். மற்ற இரண்டும் பெரிதாக இருந்தால் செலவே தேவையில்லை.

இப்போ காசு கணக்கு

விலை மாறிக்கிட்டே இருக்கும். கணக்குக்காக பாடி, அடாப்டர், புது மெமரி கார்டு எல்லாம் சேர்த்து ₹1,50,000 என்று வைப்போம். பழைய எல்பி-இ6என் பேட்டரி ஆர்7-லும் வேலை செய்யும். அந்தச் செலவு மிச்சம். ஆனால் சிஎஃப் கார்டு போட இதில் இடமில்லை. கேனன் ஈஎஃப் லென்ஸை அடாப்டரோடு மாட்டலாம். வேறு கம்பெனி லென்ஸ் என்றால் கடையிலேயே மாட்டிப் பார்த்துட்டு வாங்குங்க.

5 வருஷம் கழித்து ₹50,000-க்கு விற்றால் நிகரச் செலவு ₹1,00,000. வருஷம் 20 நாள் போனால் 100 நாள். ஒரு நாளுக்கு ₹1,000. வருஷம் 4 நாள்தான் போவீங்கன்னா ஒரு நாளுக்கு ₹5,000. அதே கேமரா, அதே பில். விலையை முடிவு செய்வது உங்க கால்தான்.

கடன் வாங்கினால்? 14% வட்டியில் 24 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் ₹7,200, வட்டி மட்டும் ₹22,800-க்கு மேல். கல்யாண ஆர்டரை நம்பி வாழ்கிறவருக்கு ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் படுத்துடும். பறவை சீசன் களைகட்டுவதும் அந்த மார்கழியில்தான். கேமரா கையில் இருக்கும், பெட்ரோலுக்குக் காசு இருக்காது. வீட்டு நகையை அடகு வைத்து மாத்துவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

"வரியில் கழிச்சுக்கலாமே சார்?"

இதையும் தெளிவாகப் பார்த்துடுவோம். 2019 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 28%-லிருந்து 18% ஆனது. ₹1,50,000 பில்லில் வரி மட்டும் சுமார் ₹22,900. ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, வழக்கமான முறையில் வரி கட்டி, தொழிலுக்குக் கேமராவைப் பயன்படுத்தினால்தான் அதை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம். மற்றவர்களுக்கு அது செலவுதான்.

வருமான வரியில் தேய்மானம் வருஷத்துக்கு 15%. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. ஜி.எஸ்.டி. கிரெடிட் எடுக்காதவருக்கு முதல் வருஷம் ₹22,500 கழிக்கலாம். 20% ஸ்லாபில் இருந்தால் மிச்சம் சுமார் ₹4,500. விற்றுமுதலில் 6% அல்லது 8% லாபம் என்று அனுமான முறையில் கணக்குக் காட்டுகிறவர் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்கவே முடியாது. ரொக்கமாக ஒரே நாளில் ₹10,000-க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகைக்கும் தேய்மானம் கிடையாது. வெறும் பொழுதுபோக்கு என்றால் வரிச் சலுகை பூஜ்யம்.

ஆக, ₹4,500 மிச்சம் பிடிக்க ஒன்றரை லட்சம் செலவு செய்யாதீங்க. லென்ஸும் நேரமும் இருந்து பணம் மட்டும் குறைவாக இருப்பவர், மாதம் ₹7,200-ஐ ஆர்.டி.யில் போடுங்க. 21 மாதத்தில் ஒன்றரை லட்சம் தாண்டிடும். அதற்குள் ஒரு முழு சீசன் கடந்திருக்கும். 300 படக் கணக்கை அப்போ மறுபடியும் போடுங்க. பதில் அப்பவும் "ஃபோகஸ்" என்றே வந்தால், யோசிக்காம போய் வாங்குங்க.