படத்துக்கும் மொழி உண்டு

எழுத்து என்பது கற்றவனுக்கு மட்டுமே வசப்படுவது, படமோ கண்ணுள்ள எவனுக்கும் பொருள் தருவது, ஆகையால் வார்த்தைகளைக் குறைத்துச் சின்னங்களைப் பெருக்குவதே சாமானிய ஜனங்களுக்குச் செய்யத்தக்க பேருபகாரம் என்னும் ஓர் அபிப்பிராயம், இணையதளங்களை அமைப்போரிடையே வெகுநாளாக வேரூன்றி நிற்கிறது. வேர்ட்பிரஸ் முதலான உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் ஐகான் தெரிவு செய்யும் ப்ளக்இன் ஒன்றைச் சேர்ப்பது அரை மணி நேர வேலை. சேர்த்த பிறகு, எழுதுகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் நூற்றுக்கணக்கான சின்னங்கள் கட்டம் கட்டமாக விரியும். ஒன்றைத் தொட்டால் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே, அதன் அடியில் கிடக்கும் அபிப்பிராயத்தை யாரும் பரிசோதிப்பதில்லை. அந்த அபிப்பிராயம் பிழை என்றும், அதனால் வரும் நஷ்டத்தை மிகவும் சுமப்பவர்கள் எவருடைய பெயரைச் சொல்லி அதைச் செய்கிறோமோ அந்த ஜனங்களே என்றும் நான் கருதுகிறேன்.

இதை அனுபவத்தில் அறிந்தே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, கிராமத்து மக்களுக்கு அரசாங்க விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து உதவும் ஒரு சங்கத்தின் இணையதளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பட்டா மாறுதல், வருமானச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல், முதியோர் உதவித்தொகை என்று 14 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் என்னென்ன ஆவணம் வேண்டும், எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்ற விவரம். முகப்பெல்லாம் எழுத்தாக இருக்கிறதே, படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று சங்கத்தார் கவலைப்பட்டபோது, ப்ளக்இன் ஒன்றைப் பொருத்தி, 14 தலைப்புகளையும் எடுத்துவிட்டு, அவற்றின் ஸ்தானத்தில் 14 சின்னங்களை வைத்தவன் நானே. அன்றைக்கு அது தர்மமான காரியமாகவே எனக்குப் பட்டது.

அந்தப் ப்ளக்இன்னின் தேடற்பெட்டியில் வாரிசு என்று தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. சின்னங்களுக்கெல்லாம் இடப்பட்டிருக்கும் பெயர்கள் ஆங்கிலம். ஆகவே நானும் ஆங்கிலத்தில் எண்ணினேன். வம்சாவளியை ஆங்கிலத்தில் ‘ஃபேமிலி ட்ரீ’ என்பார்கள் அல்லவா, அந்த நினைவில் ‘ட்ரீ’ என்று தேடிக் கிடைத்த மரத்தை வாரிசுச் சான்றுக்கு வைத்தேன். குடும்ப அட்டைக்கு, நம் நியாயவிலைக் கடை வாசலில் எவரும் தள்ளிப் பார்த்திராத, சக்கரம் பூட்டிய கம்பிக்கூடை வண்டி. முதியோர் உதவித்தொகைக்குக் கோலூன்றிய ஒரு மனிதன். அந்தத் தொகுப்பில் அச்சின்னத்தின் பெயர் பார்வையற்றவர் என்பதை நான் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. சங்கத்தைப் பற்றிய பக்கத்துக்கு, பெரிய தலை ஒன்றும் சிறிய தலைகள் இரண்டும் சேர்ந்த உருவம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் சங்கத்தின் உதவி மையத்துக்குப் போயிருந்தேன். கணவரை இழந்த ஓர் அம்மாள் மகனோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகன் கைப்பேசியில் எங்கள் தளத்தைத் திறந்து, குடும்பம்போல் தோன்றிய மூன்று தலைகளைத் தொட்டிருக்கிறான். சங்க நிர்வாகிகளின் புகைப்படங்கள் வந்திருக்கின்றன. மறுபடி தொட்டாலும் அவையே. மரத்தை ஏன் தொட்டுப் பார்க்கவில்லை தம்பி என்று கேட்டேன். “அது மரக்கன்னு குடுக்குற திட்டம்தானுங்களே ஐயா?” என்றான். அவன் பத்தாவது வரை படித்தவன். வாரிசுச் சான்று என்ற இரண்டு சொற்கள் அங்கே இருந்திருந்தால் ஒரு நொடியில் வாசித்திருப்பான். கணினியின் முன் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தேன். அவளுடைய திரையின் வலது ஓரத்தில், கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. மரம் – வாரிசு, வண்டி – ரேஷன், கோல் – முதியோர் பணம் என்று 14 வரிகள், நீல மையில். “தினமும் எல்லாரும் கேக்குறாங்க சார், எனக்கே மறந்துபோகுது, அதான் எழுதி ஒட்டிட்டேன்” என்றாள்.

மரத்தைக் கண்டு மரக்கன்று என்று எண்ணிய அந்தப் பிள்ளையிடம் குற்றம் இல்லை. மரத்தை மரமாகவே பார்த்தான். அதை வம்சமாகப் பார்ப்பதற்கு ஆங்கிலச் சொல்வழக்கு ஒன்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். நம் பத்திரங்களிலும் வழக்குகளிலும் வம்ச வரிசைக்கு வழங்கும் சொல் கொடிவழி. தமிழன் கண்ட உருவகம் படரும் கொடி. இப்படியே ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், சர்வதேசப் பொதுமொழி என்று கொண்டாடப்படும் சின்னங்களில் பெரும்பகுதி ஆங்கிலச் சொற்களின் சித்திரமே என்பது பிரத்தியட்சமாகும். தளத்தின் முதற்பக்கத்தை ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்பதால் அதற்கு வீட்டுப்படம் வந்தது. ஃபான்ட் ஆசம் தொகுப்பின் பழைய பதிப்புகளில் அந்த வீட்டுக்குப் புகைபோக்கிகூட உண்டு. தமிழில் நாம் வழங்கும் முகப்பு என்ற சொல்லுக்கும் அந்த வீட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. நிரற்பிழைக்கு ஒரு பூச்சியும், உலாவி சேமித்து வைக்கும் சிறு தகவலுக்கு ஒரு பிஸ்கோத்தும் வரையப்படுவதற்கு, ‘பக்’, ‘குக்கி’ என்னும் ஆங்கிலச் சொற்களின் இரட்டைப் பொருளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. எழுத்தில் இருந்தால் அகராதியைப் புரட்டியாவது அர்த்தம் காணலாம்; படத்துக்குள் ஒளிந்த ஆங்கிலத்தை எந்த அகராதியில் தேடுவது?

தேர்தல் சின்னங்களைக் காட்டி இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. நூற்றுக்கு 18 பேரே எழுத்தறிந்திருந்த 1951–52-ஆம் ஆண்டுகளின் முதற் பொதுத்தேர்தலில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின்மேல் சின்னத்தைப் பொறித்து, கோடிக்கணக்கான ஜனங்கள் வாக்களிக்க வழி செய்யப்பட்டது. அது இத்தேசத்தின் மகத்தான சாதனைகளில் ஒன்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நுகம் பூட்டிய இரட்டைக் காளையும் கதிர் அரிவாளும் பெட்டிக்குள் இருப்பதை விளக்குவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. அவை அடையாளங்கள், அந்த அடையாளங்களுக்குரிய கட்சிகளை வாரக்கணக்கில் மேடைகளிலும் தெருமுனைகளிலும் வாய்வார்த்தையாகச் சொல்லிச் சொல்லி ஊன்றியிருந்தார்கள். இன்றைய வாக்குப்பதிவு இயந்திரத்திலும் சின்னத்தின் பக்கத்தில் வேட்பாளரின் பெயர் இருக்கிறது. இணையதளத்துக்கு முதன்முறை வருகிறவனுக்கோ எந்த மேடையும் கிடையாது, எந்தப் பிரசாரமும் கிடையாது. அந்தக் கணத்தில் அந்தப் படம் தானே பேசியாகவேண்டும்.

தானே பேசுமா என்பதற்கு இதைவிடக் கடுமையான ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. கதிர்வீச்சு அபாயத்தைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் 1946-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வரையப்பட்டது. உயிருக்கு உலை வைக்கும் பொருளின்மேல் ஒட்டப்படுவது. உலகமெங்கும் அறுபது வருஷம் வழக்கில் இருந்தது. அப்படியிருந்தும் பயிற்சி இல்லாதவர்களுக்கு அதனால் எச்சரிக்கை எட்டவில்லை என்று கண்டு, சர்வதேச அணுசக்தி முகமை 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்து, கதிரலைகளும் மண்டையோடும் ஓடும் மனிதனும் சேர்ந்த துணைச்சின்னம் ஒன்றை 2007-இல் கொண்டுவந்தது. உயிரைக் காக்கும் சின்னத்துக்கே இத்தனை பரீட்சை வேண்டியிருந்ததென்றால், பிற்பகல் வேளையில் ஒருவர் தேடற்பெட்டியில் தட்டிப் பொறுக்கும் சின்னத்துக்கு என்ன உத்தரவாதம்?

படங்களை ஆதரித்த முன்னோர்கள் இவ்வளவு பேராசை கொண்டதில்லை. வியன்னாவில் 1925-இல் அருங்காட்சியகம் நிறுவிப் புள்ளிவிவரங்களைப் படங்களாக்கிய ஓட்டோ நியூராத், 1936-இல் வெளியிட்ட நூலில், தம் படமொழி மற்ற மொழிகளுக்குத் துணைமொழியே என்று வரம்பு கட்டினார். திரையில் ஐகான்களோடு விற்பனைக்கு வந்த முன்னோடிக் கணினியான 1981-ஆம் ஆண்டின் ஜெராக்ஸ் ஸ்டாரில், கோப்புறைப் படத்தோடு அதன் பெயரும் எழுத்தில் இருந்தது. படமே போதும் என்ற துணிவு பின்னால் வந்தது.

பொருளில்தான் பொதுமை இல்லை, இயந்திரத்துக்குள்ளாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடில் உலகறிந்த இருப்பிடம் உண்டு. ஐகான் எழுத்துருக்களோ, தனிப்பயனுக்கென ஒதுக்கப்பட்ட 6,400 இடங்களில் தம் இஷ்டப்படி சின்னங்களை அமர்த்திக்கொள்கின்றன. எழுத்துரு வந்து சேராத கைப்பேசியில் சின்னம் இருந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியும். இந்த அவஸ்தை தமிழர்க்குப் புதிதன்று. ஒருவர் பாமினி எழுத்துருவில் அனுப்பிய கடிதம் மற்றவர் கணினியில் குப்பையாக விரிந்த காலத்தையும், டிஸ்கி, டாம், டாப் என்று குறியேற்றங்கள் பல்கிக் கிடந்த காலத்தையும் கடந்து, 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்கும்வரை நடந்த நெடும்போராட்டத்தை அறிந்தவர்கள், எழுத்துரு இல்லாவிட்டால் அர்த்தமும் இல்லை என்னும் அதே நோயை விலை கொடுத்து வீட்டுக்குள் அழைப்பதைக் காண எனக்குத் துயரமாக இருக்கிறது. கிட்ஹப் போன்ற பெருந்தளங்கள் 2016-லேயே ஐகான் எழுத்துருவைக் கைவிட்டு எஸ்விஜி ஓவியங்களுக்கு மாறிவிட்டன.

இப்படிப்பட்ட ப்ளக்இன்களில் பல, பதிவுக்குள் வைப்பது ஒரு வெற்று எச்டிஎம்எல் குறிச்சொல் மட்டுமே. அதன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் ஓர் எழுத்தும் இராது. சிகேஎடிட்டர் 4 போன்ற எழுத்துக் கருவிகள் இதைக் காலியான குப்பை என்று கருதித் துடைத்துவிடும். துடைக்காதே என்று தனியாக ஒரு கட்டளை எழுதிவைத்தால்தான் பிழைக்கும். அந்தக் கருவியின் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. பார்வையற்ற வாசகரின் செவிக்கும் அது காலியே. மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இன்று தமிழையும் வாசிக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது; ஆனால் சொல்லே இல்லாத சின்னத்தின்மேல் வந்து நின்றால், இணைப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்துவதையன்றி, அல்லது முகவரியின் ஆங்கில எழுத்துகளைச் சிதறலாக உச்சரிப்பதையன்றி, அது என்ன செய்யும்? எழுத்தல்லாத உள்ளடக்கத்துக்கு மாற்று எழுத்து வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் முதற்படியிலேயே விதித்திருக்கின்றன. படிக்காதவனுக்காக என்று சொல்லி வார்த்தையை அகற்றியதில், வாய்விட்டுப் படித்துக்காட்டும் இயந்திரத்தின் நாவையும் அறுத்துவிட்டோம். எழுத்தறியாத அம்மாளுக்கும் அந்த நாவே பெரிய துணை; தொட்டால் வாசித்துச் சொல்லும் கைப்பேசிகள் வந்துவிட்ட காலம் இது.

சின்னமே ஆகாது என்று நான் வாதிக்கவில்லை. பழகிய கண்ணுக்கு அது வழிகாட்டும். நீண்ட பட்டியலில் இடம் நினைவிருக்க உதவும். ஆனால் ப்ளக்இன்னைச் சேர்க்கிறவர் அதன் படிவத்தில் சொல்லுக்கான இடத்தைக் கட்டாயமாக்கவேண்டும். சொல் எழுதாமல் சின்னம் பதியக்கூடாது. சின்னங்களின் பெயர்ப்பட்டியலைத் தமிழில் ஒருமுறை எழுதிச் சேர்ப்பது ஒரு வார வேலை. அதைச் செய்ய உட்கார்ந்தால், எத்தனை சின்னங்களுக்குத் தமிழில் பெயரே சொல்லமுடியவில்லை என்பது எழுதுகிறவருக்கே புலப்படும். எனக்குப் புலப்பட்டது. அந்த வாரமே 14 தலைப்புகளையும் பெரிய எழுத்தில் திரும்ப எழுதினேன். ஒன்பது சின்னங்களை எடுத்துவிட்டேன். ரூபாய்க் குறியும் தொலைபேசியும் உள்ளிட்ட ஐந்து மட்டும், சொல்லுக்கு இடப்பக்கத்தில், சிறிதாக நிற்கின்றன.

பத்து நாள் கழித்து மையத்துக்குப் போனேன். அந்தப் பெண் யாருக்கோ விண்ணப்பம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் காகிதம் இல்லை. அது ஒட்டியிருந்த இடத்தில் பசையின் மங்கிய தடம் நீளமாகத் தெரிந்தது.