முகத்தைக் கொடுப்பதற்கு முன்



கடந்த மாதம் கல்முனைக்கு அண்மையிலுள்ள ஊரொன்றில் நமது மகளிர் குழுவின் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய நேரம், பன்பாய் இழைக்கும் மாமி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து இளைஞர் குழுவொன்று வந்ததாகவும், விழாவொன்றில் காட்டுவதற்குக் குறும்படம் எடுக்கத் தன்னிடம் கேட்டதாகவும் சொன்னார்.

“மகள், நான் ஓம் எண்டு சொல்லட்டா, வேணாம் எண்டு சொல்லட்டா? அது என்ன விழா? ஆரு வந்து பாப்பாங்க?”

சமூகவியல் படித்துப் பட்டம் பெற்று, பல வருடங்களாக இவ்வேலையில் இருந்தும் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் பயப்படுவதற்குக் காரணம் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

1990ஆம் ஆண்டு வயலுக்குப் போன அவரது கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மகள் வயிற்றில். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி மூத்த மகனைக் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களில், முகாம்களுக்குக் கமராக்களோடு பலர் வந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு குழு, மாமி முந்தானை நழுவியதும் தெரியாமல் அழுதுகொண்டிருந்ததைப் படம் பிடித்தது. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அவர் இருக்கவில்லை.

ஏழெட்டு வருடங்களின் பின் மகளுக்குக் கல்யாணம் பேசிய நேரம், மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர் கத்தாரிலிருந்து அந்த வீடியோவை அனுப்பியிருந்தார். தன் பிள்ளைகள் எல்லோரையும் கடலுக்குப் பறிகொடுத்த தாய் என்று அதில் ஆங்கிலக் குரலொன்று சொன்னதாம். “அப்படியெண்டா இந்தப் பிள்ளை ஆருட பிள்ளை?” என்று கேட்டார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் காட்டியும் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. மகள் பின்னர் நல்லபடியாகக் கல்யாணம் முடித்து வாழ்கிறார். ஆனால் கமராவைக் கண்டால் மாமிக்குக் கை நடுங்கும்.

ஆகவே இம்மாதப் பக்கத்தை மாமியின் கேள்விகளுக்குப் பதிலாக எழுதுகிறேன்.

கணினி வந்தால் கலைக்கும் மனிதருக்கும் என்ன நடக்கும் என்று கலைஞர்களும் விஞ்ஞானிகளும் ஒன்றுகூடிப் பேசும் விழாக்கள் உலகில் பல உண்டு. அவற்றில் பழையது, ஆஸ்திரியா நாட்டின் லின்ஸ் என்னும் உருக்குத் தொழிற்சாலை நகரில் 1979ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஆர்ஸ் எலக்ட்ரோனிகா’. முதல் வருடத்தில் ஊர் மக்களைத் தங்கள் வானொலிப் பெட்டிகளை யன்னலில் வைக்கச் சொல்லி, ஒரே இசையை நகரமெங்கும் கேட்கச் செய்தார்கள். வீட்டிலிருந்த சாதாரணப் பெட்டியே அன்று விழாவின் மேடையானது.

நமது நாட்டில் கொழும்பில் 2013ஆம் ஆண்டு ‘கொழும்பாஸ்கோப்’ என்ற கலை விழா தொடங்கியது. ஐரோப்பிய நாடுகளின் கலாசார நிலையங்கள் அதற்குத் துணைநின்றன. 2015ஆம் ஆண்டு அவ்விழா கொம்பனித்தெருவிலுள்ள ரியோ கட்டடத்தில் நடைபெற்றது. தமிழ்க் குடும்பமொன்றுக்குச் சொந்தமான அந்தத் திரையரங்கும் ஹோட்டலும் 1983 ஜூலை வன்செயலில் எரிக்கப்பட்டவை. பாழடைந்து கிடந்த அந்த அறைகளிலேயே கலைப்படைப்புகளை வைத்தார்கள். அடுத்த வருடம், 2016 ஆகஸ்டில், தெற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் கலையும் டிஜிட்டல் பண்பாடும் என்பதே விழாவின் கருப்பொருளாக இருந்தது. ‘சோதனைக் களங்கள்’ என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தார்கள். அத்தலைப்பைப் பார்த்தபோது எனக்கு மாமியைப் போன்றவர்களே நினைவுக்கு வந்தார்கள். புதிய கருவிகள் வரும்போது முதலில் சோதனைக் களமாவது பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்களின் முகங்கள்தான்.

டிஜிட்டல் வந்து எதை மாற்றியது என்பதை விளங்கிக்கொள்வது கஷ்டமல்ல. முன்பு திரைப்படம் எடுக்கப் படச்சுருள் வேண்டும். 1,000 அடிச் சுருளில் சுமார் 11 நிமிடமே படம் பிடிக்கலாம். பிறகு அதை இரசாயனத்தில் கழுவ வேண்டும், பிரதி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆகவே சினிமா பணம் படைத்தவர்களின் கையிலேயே இருந்தது. இன்று கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் எந்தப் பெண்ணும் படம் எடுக்கலாம். யாழ்ப்பாணத்தில் 2015ஆம் ஆண்டு சர்வதேச சினிமா விழா தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவரும் அனோமா ராஜகருணா என்ற பெண் இயக்குநரே. இது நமக்குக் கிடைத்த நன்மை.

மறுபக்கமும் உண்டு. படச்சுருள் ஒரு பெட்டிக்குள் இருந்தது. டிஜிட்டல் படம் எந்தப் பெட்டிக்குள்ளும் நிற்காது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பினால் அது இரண்டாகிறது, பின் இரண்டாயிரமாகிறது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு நமது மாவட்டத்திலேயே இதைக் கண்டோம். அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகச் சொல்லி ஒரு கூட்டம் தகராறு செய்தது. சிங்களம் சரியாக விளங்காத அந்த மனிதர் மிரண்டுபோய் ‘ஓம்’ என்று சொன்னதை வீடியோவாக எடுத்து பேஸ்புக்கில் பரப்பினார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். அதற்குள் கண்டியிலும் வன்செயல் பரவிவிட்டது. அந்த வருட வன்செயலில் தமது தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு சில விநாடி வீடியோவும், அதற்கு வேறொருவர் சொல்லும் பொருளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மாமி தன் வீட்டில் அனுபவித்தார், நாம் ஊராக அனுபவித்தோம்.

அதனால் கமராவுக்கு முன் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாம் பேசாவிட்டால் நமது கதையை வேறு யாராவது தமக்குத் தேவையானபடி சொல்லுவார்கள். நல்ல முன்மாதிரியும் உண்டு. 2012, 2013 காலப்பகுதியில் ‘ஹேர்ஸ்டோரீஸ்’ என்ற முயற்சியில், யுத்தம் நடந்த பிரதேசங்களிலிருந்தும் தெற்கிலிருந்தும் 250க்கும் மேற்பட்ட தாய்மார் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் கைப்படவே கடிதங்களாக எழுதினார்கள். தங்கள் வாழ்வை மரமாக வரைந்தும் காட்டினார்கள். அங்கே தாயின் கதைக்கு மேல் வேறு குரல் ஏறி உட்காரவில்லை.

இவற்றையெல்லாம் மாமிக்கு எடுத்துச் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “அந்தப் புள்ளைகளக் கூட்டிட்டு வாங்க, நான் பேசுறன்” என்றார். அவர்கள் வந்தபோது வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கல்யாணம் பேசுவது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். படத்தை எங்கே காட்டுவீர்கள்? விழா முடிந்த பின் அது யாரிடம் இருக்கும்? நான் சொன்னதை ஆங்கிலத்தில் போடும்போது யார் சரிபார்ப்பார்கள்? மற்றவர்களுக்குக் காட்டுமுன் எனக்குக் காட்டுவீர்களா? முகம் வேண்டாம், கையும் குரலும் போதும் என்றால் சம்மதமா? இவ்வளவையும் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவீர்களா?

அவர்கள் நல்ல பிள்ளைகள். எழுதித் தந்தார்கள். மூன்று வாரம் கழித்து மடிக்கணினியோடு வந்து படத்தைக் காட்டினார்கள். பன்னைக் கிழித்து இழைக்கும் இரண்டு கைகள், பின்னால் கடல் சத்தம், மாமியின் குரல். மகனைப் பற்றிச் சொன்ன ஒரு வசனத்தை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். பிறகு இன்னொரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். நாங்கள் எல்லோரும் பயந்துபோய்ப் பார்த்தோம். “இந்த இடத்துல ஓரம் கோணிப் போயிருக்கு. இதக் காட்டினா எனக்குப் பாய் இழைக்கத் தெரியாதெண்டு நினைப்பாங்க” என்றார். அதையும் வெட்டினார்கள்.

சகோதரிகளே, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாம் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. சட்டம் எழுத்திலிருந்து வீட்டு வாசலுக்கு வர நாளெடுக்கும். கேள்வி கேட்க நாளெடுக்காது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: கைவிட்டுப் பரவிய படத்தை முழுவதுமாகத் திரும்பப் பெற யாராலும் முடியாது. ஆகவே கேட்க வேண்டியதைக் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். எழுதித் தர மறுப்பவர்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். உதவி தருபவர்கள் கேட்டாலும் அப்படியே சொல்லலாம். உதவிக்கு விலையாக நமது முகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. அதேபோல, அழும் பெண்ணொருத்தியின் வீடியோ உங்கள் வட்ஸ்அப்பிற்கு வந்தால், அது உங்களோடு நிற்கட்டும்.

இப்பக்கத்தையும் மாமிக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், அவர் விரும்பியபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.