ஸ்டேஜ் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள்

பி.காம் படிக்கிறவனுக்குப் புற்றுநோயைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். டெபிட், கிரெடிட் தவிர வேறெதிலும் எனக்குப் பயிற்சி கிடையாது. ஆனால் போன வருடம் சித்தப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று ஆபரேஷன் நடந்ததிலிருந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இது.

ரிப்போர்ட் வந்த அன்று வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி. "எந்த ஸ்டேஜ்?" இரண்டு என்றதும் சிலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு அர்த்தமா?

கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியதா, கல்லீரல், நுரையீரல் என்று தூரம் போய்விட்டதா... இந்த மூன்றையும் வைத்துப் போடுவதுதான் ஸ்டேஜ். தேவையான கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் இதே இரண்டாம் ஸ்டேஜில் பெரும்பாலானோர் ஆபரேஷனோடு குணமாகிவிட, சிலருக்கு மட்டும் நோய் திரும்பி வருகிறது. ஏன்?

கட்டி என்றால் கெட்ட செல்களின் மூட்டை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம், அது ஒரு ஊர் மாதிரி. ரத்தக் குழாய்கள், நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள், நோய் எதிர்ப்பு செல்கள் எல்லாம் அங்கே கலந்து இருக்கின்றன. எதிர்ப்பு செல்களில் டி செல்கள் புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டு கொல்லும். காயத்தை ஆற்ற வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட்களோ பல சமயம் கட்சி மாறி, கட்டி வளரத் துணைபோகும், டி செல்கள் உள்ளே நுழையாமலும் தடுக்கும். பெருங்குடல் புற்றுநோயில் இவை மிகுந்திருக்கும் கட்டிகள் மோசமான வகை என்று சொல்கிறார்கள்.

இந்த யோசனை புதிதல்ல. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜெட் 1889லேயே புற்றுநோய் பரவுவதைப் பற்றி எழுதிவிட்டார். 2006ல் பாரிஸைச் சேர்ந்த ஜெரோம் கலோன் குழு, பெருங்குடல் கட்டிகளின் நடுவிலும் ஓரத்திலும் டி செல்களை எண்ணிப் பார்த்தது. நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்பதை வழக்கமான ஸ்டேஜை விட அந்த எண்ணிக்கை நன்றாகக் காட்டியது. 2018ல் 13 நாடுகளின் 2,681 நோயாளிகளிடம் சரிபார்த்தபோதும், டி செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து குறைவாகவே இருந்தது.

இதன் இன்னொரு முகம், டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் பழுதான கட்டிகள். பெருங்குடல் புற்றுநோயில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. பிழைகள் குவிவதால் கட்டி உடலுக்கே அந்நியமாகத் தெரிகிறது, டி செல்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. இரண்டாம் ஸ்டேஜில் இது நல்ல சகுனம். பழைய 5-எஃப்.யூ. கீமோவைத் தனியாகக் கொடுத்தால் இவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. டி செல்களின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளோ இவ்வகையில் நன்றாக வேலை செய்கின்றன. 2022ல் நியூயார்க்கில் இதே வகை மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு டோஸ்டர்லிமாப் மட்டும் கொடுத்ததில், 12 பேருக்கும் கட்டி மறைந்தது.

சித்தப்பாவின் முதல் ரிப்போர்ட்டில் அந்தப் புரதங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கீமோவுக்குத் தேதி குறிக்கப் போன நாளில் கேட்டோம். எடுத்த சதை மெழுகில் பத்திரமாக இருந்தது, சோதித்தார்கள். புரதம் பழுது. "கீமோ வேண்டாம், தொடர்ந்து பரிசோதனைக்கு மட்டும் வாருங்கள்" என்றார் டாக்டர். கேட்காமல் இருந்திருந்தால்? இந்தப் பழுது சிலருக்குப் பரம்பரையாகவும் வரும் என்பதால், அப்பாவும் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்று இப்போது பார்க்கிறார்கள்.

என் கருத்து இதுதான். டி செல்களை எண்ணும் வசதி எல்லா ஊரிலும் வர நாளாகலாம். ஆனால் நான்கு புரதங்களைப் பார்க்கும் இந்தச் சோதனை, வீட்டார் கேட்டால்தான் நடக்கும் என்று இருக்கக்கூடாது. எல்லா பெருங்குடல் கட்டிக்கும் தானாகவே செய்யப்பட வேண்டும். சரக்கு மதிப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கடை ஓடுமா என்று முடிவு செய்தால், எங்கள் கணக்கியல் சார் பேப்பரைக் கிழித்துவிடுவார். உயிர் விஷயத்தில் மட்டும் ஒரு எண் போதுமா?

இன்னொன்று. மண் என்றதும் "அவன் மனசு சரியில்லை, சாப்பாடு சரியில்லை, அதான் வந்தது" என்று நோயாளி தலையில் பழியைப் போடாதீர்கள். இங்கே மண் என்பது செல்களின் சேர்க்கை, மனிதனின் குணம் அல்ல. அடுத்த முறை யார் வீட்டுக்காவது போனால், "ஸ்டேஜ் எத்தனை" என்பதோடு "புரதச் சோதனை ஆச்சா" என்றும் கேளுங்கள். உச்சுக்கொட்டுவதை விட அது உபயோகமாக இருக்கும்.