மதிப்பெண் யார் கையில்?

1868இல் சைதாப்பேட்டையில் முளைத்த வேளாண் பள்ளி, 1906இல் கோவைக்குப் பெயர்ந்தது. 1971இல் பல்கலைக் கழகமாய்த் தழைத்தது. பெருமைதான், மறுப்பாரில்லை! ஆனால் தோழர்களே, அங்கே முதுநிலை பயிலும் உழவர் வீட்டுப் பிள்ளையை எதைக்கொண்டு அளக்கிறார்கள்? எழுத்துத் தேர்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. ஆய்வேடோ ஆங்கிலத்தில், கேள்வி கேட்போரோ பேராசிரியர்கள். வேண்டும் இவை; போதா இவை! குலைநோய் கண்டு குமுறியவன், கடன்பட்டு விதைத்தவன் அந்த அவையில் இல்லையே!

தவறான யோசனையால் பயிர் பொய்த்தால் பட்டம் பறிபோவதில்லை. பறிபோவது உழவனின் சோறு!

எனவே கேட்கிறோம்: மாணவர் தாம் கண்டறிந்ததை வயல் வரப்பில் நின்று, உழவர் முன்னே, தமிழில் விளக்கட்டும், அவர்கள் கேட்பதற்கு விடை கூறட்டும், அதற்கும் மதிப்பெண் உண்டென்று விதி எழுதட்டும்! ஏட்டில் வென்றவர் ஏரின் முன்னும் வெல்லட்டும். அன்றுதான் பட்டம் பட்டமாகும்!