அசல் புனுகு வேணுங்களாண்ணா?

போன வாரம் ஒரம்பரை ஊட்டுக் கண்ணாலத்துக்குச் சாமான் வாங்க டவுன்ஹால் பக்கம் போயிருந்தேன். நாட்டு மருந்துக் கடையில ஒருத்தர் காதோரம் வந்து, "அசல் புனுகு இருக்குதுங், வேணுங்களா?"ன்னாரு. நல்ல சாமானை எதுக்குங்க குசுகுசுன்னு விக்கோணும்?

காரணம் இருக்கு. புனுகுப்பூனையைப் பிடிச்சு அடைக்கறதும், அதுல எடுத்ததை விக்கறதும் 1972-ம் வருசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம்.

பேருதான் பூனை, சாதி வேற. ரெண்டு மூணு கிலோ தேறும். சாம்பல் உடம்பெல்லாம் கருப்புப் புள்ளி, வால்ல வளையம். வாலுக்கடியில இருக்கற சுரப்பியில ஊறுறதுதான் புனுகு. "இது என்ற எல்லை"ன்னு அடுத்த பூனைக்குச் சொல்ல, அது போற வழியெல்லாம் தேய்ச்சுட்டுப் போற கடுதாசி. அதைத்தான் நாம டப்பாவுல அடைச்சு விக்கறோம்.

"கூண்டுக் கட்டையில தேய்ச்சதைத்தானுங்க வழிக்கறோம், அதுக்கு வலிக்காது"ம்பாங்க. ராத்திரியெல்லாம் தனியாத் திரியற சீவனை நாலடிக் கூண்டுல போட்டா, வலிக்கிறது வால் மட்டுமா? எத்தியோப்பியாவுல இதோட பெரிய சொந்தக்காரனை, ஆப்பிரிக்கப் புனுகுப்பூனையை, திரும்பக்கூட முடியாத கூண்டுல அடைச்சு, கொம்புக் கரண்டியால சுரண்டி எடுத்துப் பிரான்சு சென்ட்டுக்காரங்களுக்கு ஏத்துமதி பண்ணுனாங்க. அதுவும் 'பாரம்பரியம்'தான்!

"அசலுக்கு ஈடு வருமா?"ன்னு அடுத்த கேள்வி. அந்த வாசனைக்கு மூலமான சிவெட்டோனோட அமைப்பை ருசிக்கா 1926-லயே கண்டுபிடிச்சாச்சு. 1939-ல வேதியியல் நோபலும் வாங்கிட்டாரு. இப்ப ஆலையிலயே செய்யறாங்க. காசே குறியா இருக்கற சென்ட்டுக் கம்பெனிக்காரனே மாறிட்டான். சீவகாருண்யம் பேசற நமக்கு என்ன கேடு?

"சாமிக்குச் சாத்தறதாச்சே"ங்கறீங்களா? நானும் கும்பிடறவன்தானுங்க. ஒரு வாயில்லா சீவனை ஆயுசுக்கும் அடைச்சுத்தான் தனக்கு மணக்கோணும்னு எந்தச் சாமி கேட்டுது?

இந்தப் பூனை நம்ம காட்டு வரப்புலயும் முள்ளுப் பொதர்லயும் திரியறது. எலி தின்னும், பூச்சி தின்னும், பழமும் தின்னும். சம்பளம் வாங்காத பண்ணையாளு! அதைக் கூண்டுல போட்டுட்டு எலி மருந்து வாங்கக் கடைக்கு ஓடறோம்.

நான் வேண்டாம்னுட்டு வந்துட்டேன். உங்க காதோரம் யாராச்சும் வந்தா, நீங்க குசுகுசுன்னு பேச வேண்டாம். கடையில நிக்கறவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாவே "வேண்டாம்"னு சொல்லுங்க.

திட்டறவங்க தாராளமாத் திட்டலாமுங்க, பின்னூட்டம் தொறந்துதான் இருக்கு :-)