ஏரி மராமத்தும் குடிகள் கடமையும்

தாம்பரத்திற்கு மேற்கேயுள்ள மணிமங்கலம் ஏரியில் 2017-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பெற்றது. முதற்கட்டத்திற்கு அரசாங்கத்தார் ஒதுக்கிய தொகை 100 கோடி ரூபாய். செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ தரவேண்டுமென்பது அப்போதைய விதி.

இதனைச் சிலர் வீண் பாரமென்பர். அஃது தவறு; இத்திட்டத்திற்கு உயிர்நிலை அவ்விதியே. உதவித்தொகை கரையை உயர்த்தும், மதகைப் பழுதுபார்க்கும். மறு வருஷம் வரத்துக்காலில் மண்டும் புதரையும் படியும் வண்டலையும் அகற்ற அத்தொகை வாராது. தம் பொருளும் உழைப்பும் கலந்த ஏரியையே குடிகள் பேணுவர்.

ஆதலின், சங்கத்தார் ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுதோறும் வரத்துக்காலையும் கலங்கலையும் செப்பனிடல் வேண்டும். நகரம் நெருங்கிவரும் இப்பக்கத்தில், கிராம அதிகாரிகள் ஆக்கிரமிப்புகளை உடனே மேலதிகாரிகளுக்குத் தெரிவித்தலும் அவசியம். இல்லையேல், செலவிட்ட தொகை மீண்டும் வண்டலிற் புதைந்துபோம்.