முகம் மாற்றாமல் பேசுவோம்

மதங்களுக்கிடையே தத்துவ விவாதம் நடந்தால் பகை தீரும் என்கிறார்கள் நண்பர்கள். நடக்கட்டும். ஆனால் எனக்கொரு கேள்வி.

வஞ்சியில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கப்போன மணிமேகலைக்கு ஆண்துறவி வடிவம் தேவைப்பட்டது. இளம்பெண் என்றால் யாரும் சொல்லித்தர மாட்டார்களாம்.

1936இல் அம்பேத்கரை லாகூர் மாநாட்டுக்குத் தலைமையேற்க அழைத்த சாதி ஒழிப்பு இந்துக்கள், உரையை மாத்திக்கச் சொன்னார்கள். மறுத்தார். மாநாடு நின்றது. அவரோ உரையைத் தானே அச்சிட்டார். காந்தி ‘ஹரிஜன்’ இதழில் விமர்சித்தார். 1937 பதிப்பில் அம்பேத்கர் பதில் தந்தார். மேடை மறுத்த விவாதம் அச்சில் நடந்தது.

பாலம் கட்ட வாங்கன்னு கூப்பிடுறவங்க, சொந்த முகத்தோட வரலாமான்னு முதல்ல சொல்லட்டும். இந்த ஏட்டில் யாருக்கும் வேடம் தேவையில்லை. வாங்க, வாதாடுவோம்.